முதல் பரிசு டம்ளர்

விளக்கைப் போட்டால் விழித்துக்கொள்வாள், போடாவிட்டால் முகம் தெரியாது. செண்பகவல்லி சன்னல் திரையை மட்டும் ஒரு சாண் ஒதுக்கிவிட்டு, கட்டிலோரம் குனிந்து மகளின் இமைகளைப் பார்த்தாள். ஓசூரின் மார்கழி வெளிச்சம் ஒரு வெளிச்சமா, வடித்த கஞ்சி. அதில் என்ன தெரியும். வலது இமை தடித்திருக்கிற மாதிரி இருந்தது. வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள், அதனால்தான். அப்படியானால் இடது? இடதும் கொஞ்சம் தடிப்புத்தான். ராத்திரி அப்பளம் கேட்டு அழுதாளே, அழுத கண் வீங்காமல் வேறென்ன செய்யும். எத்தனை நேரம் அழுதாள், ஒரு அப்பளம் பொரிக்கிற நேரம் இருக்குமா, அதற்கா இந்த வீக்கம். வீக்கம் என்று ஏன் சொல்ல வேண்டும், தடிப்பு. தூங்கி எழுகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் கண் இப்படித்தான் இடுங்கிக் கிடக்கும், எதிர்வீட்டுப் பிள்ளைக்குக் கிடக்காதா. கிடக்கும், ஆனால் எதிர்வீட்டுப் பிள்ளையின் முகத்தை யாரும் விடிந்ததும் குனிந்து நின்று ஆராய்வதில்லை. அவர்கள் வீட்டு அடுப்பில் விடிந்ததும் பால் ஏறுகிறது. இந்த வீட்டு அடுப்பில் முதலில் ஏறுவது பால் இல்லை. இலக்கியாவுக்கு ஆறு வயது. பிறந்த முகம் எது, வியாதி வந்த முகம் எது, மாத்திரையால் உப்பிய முகம் எது என்று பெற்றவளுக்கே இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். மூன்று முகத்தையும் முத்தமிட்டிருக்கிறாள், முத்தமிடுகிறபோதே உதட்டால் தடவித் தடவி வீக்கம் பார்த்திருக்கிறாள். பொங்கலுக்கு முன்னால் வருகிற இந்தக் குளிரில்தான் எல்லாம் ஆரம்பித்தது, இந்தக் குளிரில்தான் போன வாரம் மறுபடி சளியும் பிடித்தது. சளி பிடித்தால் அது திரும்பி வரும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருக்கிறார். வரலாம் என்றுதான் சொன்னார். வரும் என்று சொல்லவில்லை. இல்லை, வரும் என்றேதான் சொன்னாரோ.

"இலக்கி, எந்திரிம்மா. வேன் வந்துரும்." எழுந்து உட்கார்ந்தது பிள்ளை. கண்ணைத் திறக்காமலேயே கையை நீட்டியது. அந்தக் கையில் டம்ளரைக் கொடுக்க வேண்டும். எவர்சில்வர் டம்ளர், வயிற்றில் 'மா. இலக்கியா, முதல் பரிசு' என்று பொறித்தது. மற்ற பாத்திரங்களோடு சேராமல் குளியலறை மாடத்தில் தனியாக இருக்கும். இதற்கு ஒரு பிளாஸ்டிக் குவளை போதாதா, பரிசு வாங்கின டம்ளரில் யாராவது மூத்திரம் பிடிப்பார்களா என்று மாமியார் கோவில்பட்டியிலிருந்து வந்தபோது ஒரு பாட்டம் சண்டை போட்டாள். பரிசு எதற்குக் கொடுத்தார்களோ அதற்குத்தான் பயன்படுகிறது அத்தை என்று செண்பகவல்லி சொன்னாள். சொன்ன வேகத்தில் அவளுக்கே நாக்குக் கசந்தது. இலக்கியா டம்ளரை வாங்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அதுவும் புதுசு. போன மாதம் வரை இவள்தான் குந்தவைத்துப் பிடித்தாள். ஒருநாள், "நீ வெளிய நில்லும்மா, எனக்கு வெக்கமா இருக்கு" என்றது. வெட்கமாம். தொப்புளைக்கூட இன்னும் சரியாகக் கழுவத் தெரியாது, அதற்குள் வெட்கம். அன்று வேலை முடிந்து வந்த புருஷனிடம் ரெண்டு தடவை சொல்லிச் சிரித்தாள். மாரிச்செல்வமும் சிரித்தான். இந்த வீட்டில் சிரிக்கிறதுக்கு அதிகம் கிடைப்பதில்லை, கிடைத்ததைத் திருப்பித் திருப்பித்தான் சிரிக்க வேண்டும். உள்ளே குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. முதலில் கை கழுவுகிறாள் போல. நல்ல பழக்கம். கதவில் சாய்ந்து நின்றாள் செண்பகவல்லி. குளிர்ந்தது. இந்தக் கதவு, இந்தச் சத்தம், இதன் பின்னால் ஒரு நாள் என்ன வரப்போகிறதோ என்கிற இந்தக் காத்திருப்பு, இதற்கு எப்போது ஒரு முடிவு. பதினாறு வயதுக்குள் பெரும்பாலும் விட்டுப் போய்விடும் என்றார் டாக்டர். பெரும்பாலும். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இன்னும் பத்து வருஷம் கதவுக்கு வெளியே நிற்க வேண்டும்.

பரிசு என்றால் பரிசு, ஊர் கூடிக் கொடுத்தது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் குடியிருப்போர் சங்கத்துப் பொங்கல் விழா, சாமியானா, உறியடி, கோலப்போட்டி, அதோடு 'கொழுகொழு குழந்தை' போட்டி. அதுவரை இலக்கியா எப்படி இருப்பாள், முருங்கைக்காய்க்குக் கவுன் மாட்டின மாதிரி இருப்பாள். என்ன கொடுத்தும் ஒட்டவில்லை. கேழ்வரகுக் கூழ், நேந்திரம்பழப் பொடி, முட்டை, எது போட்டாலும் எங்கே போகிறதென்று தெரியாது. பிள்ளைக்கு ஊட்டுகிறாயா, நீயே தின்றுவிடுகிறாயா என்று நாத்தனார் போனிலேயே கேட்டாள். அந்த மார்கழியில்தான் திடீரென்று கன்னம் வைத்தது. ஒரு வாரத்தில். ஒரே வாரத்தில் எந்தப் பிள்ளைக்காவது சதை போடுமா, அதைக் கேட்க அந்த நேரம் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பார்த்தவர்கள் எல்லாம் மூக்கில் விரல் வைத்தார்கள், என்னம்மா கொடுத்தே என்று கேட்டார்கள், செண்பகவல்லியும் கூசாமல் கேழ்வரகுக் கூழ் என்றாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள், அந்த ஒரு வாரம் ஊருக்கே அவள் குஞ்சு பொன்குஞ்சாக இருந்தது. கன்னத்தில் மைப்பொட்டு வைத்து மேடையேற்றினாள். போட்டிக்கு நடுவராக வந்த அம்மாள் கன்னத்தைக் கிள்ளி, அமுல் பாப்பா என்றாள். முதல் பரிசு. கைதட்டினார்கள். பாத்திரக்கடைக்காரர் பேரைப் பொறித்துக் கொடுத்தார். அன்று ராத்திரி உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள், நெடி வரவில்லை, அத்தனை கண் பட்டிருக்கிறது என்று மாமியார் சொன்னாள். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. கண்ணடியைத்தான் பார்த்தார்களே தவிர கண்ணைப் பார்த்தவர் யாருமில்லை. காலையில் கண் இடுங்கிக் கிடந்தது, மை உறுத்தியிருக்கும் என்றார்கள். வயிறு முட்டிக்கொண்டு வந்தது, நன்றாகச் சாப்பிடுகிறாள் என்றார்கள். செருப்புப் பத்தவில்லை, அடுத்த அளவு செருப்பு வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வந்தார்கள். மூத்திரம் நுரைத்து நுரைத்து நின்றது, கக்கூஸ் கழுவுகிற பவுடர் மிச்சம் என்று அவளே ரெண்டு வாளித் தண்ணீர் அடித்துவிட்டாள். ஒரு நாள் காலையில் பிள்ளைக்குக் கண்ணே திறக்கவில்லை. கண் டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். ரெண்டு நாள் கழித்துக் குழந்தைகள் டாக்டரிடம் போனார்கள். அவர் கண்ணைப் பார்க்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார், விரலை எடுத்தார். குழி அப்படியே நின்றது. பிசைந்த மாவில் விரல் வைத்தாற்போல. "இது சதை இல்லம்மா," என்றார், "தண்ணி." அந்தக் குழி மெல்ல மெல்ல நிறைவதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கதவு திறந்தது. டம்ளரை ரெண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தது பிள்ளை, சிந்தாமல், கோயிலில் பால்குடம் வருகிற மாதிரி. வாங்கிக்கொண்டாள். கை சில்லிட்டது. மார்கழி, ஓசூர், எவர்சில்வர், சில்லிடாமல் என்ன செய்யும். சமையல்மேடையின் ஓரத்தில் இதற்கென்று ஒதுக்கிய இடத்தில் கண்ணாடிக் குழாய் இருந்தது, பக்கத்தில் வினிகர் புட்டி. குழாயில் முக்கால்வாசி ஊற்றி, மடித்த காகிதப் பட்டையால் கழுத்தைப் பிடித்து, மேல்பாதியை மட்டும் தீயில் காட்ட வேண்டும். காகிதப் பட்டை மாரிச்செல்வம் பள்ளிக்கூட ஞாபகத்தில் சொல்லிக்கொடுத்தது. பிளஸ் டூவில் படித்ததில் இது ஒன்றுதான் எனக்குப் பிரயோசனப்பட்டது என்பான். சிறுநீரகம் ஒரு சல்லடைம்மா என்றார் டாக்டர், சத்தை நிறுத்திக்கிட்டுக் கழிவை மட்டும் வெளிய விடணும், இவளுக்கு ஓட்டை பெரிசாகி சத்தும் சேர்ந்து ஒழுகுது, அது போகப்போக உடம்புல தண்ணி தங்கிரும். ஒழுகுகிறதா என்று அடுப்பில் காட்டினால் தெரியும். சத்து இருந்தால் முட்டை வெள்ளை போலத் திரளும். ரெண்டு சொட்டு வினிகர் விட்டும் வெள்ளை கலையவில்லை என்றால் அதேதான். மூன்று நாள் தொடர்ந்து திரண்டால் போன் பண்ணச் சொல்லியிருக்கிறார். இதுவரை மூன்று முறை திரும்பி வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அந்த வெள்ளை மாத்திரை, மாதக்கணக்கில். அதைத் தின்றால் பேய்ப்பசி, உப்பின முகம், முதுகெல்லாம் பூனைமயிர், காரணமில்லாத கோபம். ஒருநாள் தட்டை விட்டெறிந்துவிட்டு, "நான் ஏம்மா இப்படிப் பண்ணேன்" என்று அதுவே கேட்டது. நான்காவது முறை வந்தால் பெங்களூருக்கு எழுதித் தருவேன், முதுகுப்பக்கம் ஊசி விட்டு ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்துத்தான் வேற மருந்து என்றார் போன தடவை. முதுகில் ஊசி. அதன் முதுகு எத்தனை அகலம் இருக்கும், இவள் உள்ளங்கை ரெண்டு. போன முறை வெள்ளை திரண்ட ராத்திரிகளில் செண்பகவல்லி கொல்லைப்பக்கம் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். பிள்ளைக்குத் தெரியாது. பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்றுதானே கொல்லைக்குப் போனது.

குழாயின் மேல்பாதி கொதித்தது. லேசாக மங்கியது, ரெண்டு சொட்டு வினிகர் விட்டாள், மங்கல் கலைந்து பளிங்காய்த் தெளிந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பின்னாலிருந்த காலண்டரில் தேதி தெரிந்தது, சின்ன எழுத்தில் போட்டிருந்த ராகுகாலம்கூடத் தெரிந்தது. முருகா என்றாள். "வெள்ளையா வரலியாம்மா?" என்றது வாசற்படியிலிருந்து. "வரல, கண்ணு." "இன்னைக்கும் வரல?" "இன்னைக்கும் வரல." பிள்ளை சிரித்தது. அந்தச் சிரிப்பில் கன்னம் உயர்ந்து கண் மறைந்தது, செண்பகவல்லியின் மனசு உடனே அந்தக் கண்ணுக்குப் போனது, போகாதே என்று பிடித்து இழுத்தாள். கண்ணை நம்பாதீங்க, குழாயை நம்புங்க, டாக்டர் சொன்னது இதுதான். ஒருதரம் கண்ணை நம்பித்தான் மேடையேறிப் பரிசு வாங்கினோம். சூடு கண்ட பூனை. இந்த வாரம் முழுக்கக் குழாய் தெளிவாகத்தான் இருக்கிறது, சளி வந்தும் வரவில்லை, உடம்பு தேறிக்கொண்டு வருகிறது என்றுதானே அர்த்தம். பால் வைத்தாள். தீ சரியாக எரிந்தது. தையல் மிஷினுக்கு அடியில் கிடந்த ஷூவை எடுத்துத் துடைத்தாள், எதையோ முணுமுணுத்துப் பாடினாள், பாடுகிறோம் என்பது பாதியில்தான் தெரிந்தது. ராத்திரி ஷிப்டு முடிந்து அவர் எட்டரைக்கு வருவார், வந்ததும் சொல்ல வேண்டும். இன்று ஒரு அப்பளம் பொரித்துத் தரலாம். உப்பைக் குறைக்கச் சொன்னது வியாதி நாட்களுக்குத்தான், எல்லா நாளும் குறைக்கிறது இவளுடைய பயம். ஒரே ஒரு அப்பளம். பாவம், அது அழுதது.

சாக்ஸ் மாட்டினாள். மேலே இழுத்தபோது நேற்றைய சாக்ஸின் வார் பதிந்த தடம் காலில் அப்படியே இருந்தது. ராத்திரி பூராவும் படுத்து எழுந்த காலில் நேற்று சாயங்காலத் தடம் ஏன் இருக்க வேண்டும். புது சாக்ஸ், வார் இறுக்கம். கட்டைவிரல் தானாகப் போய் எலும்பின் மேல் உட்கார்ந்தது. அவள் போகச் சொல்லவில்லை. அழுத்தியது. எடுத்தாள். குழி. பார்த்துக்கொண்டே இருந்தாள், நிறைந்துவிடு, நிறைந்துவிடு, இப்போதே நிறைந்துவிடு. நிறையவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாடை வந்தது, எழுந்து போய் அணைத்தாள். வாடை. பால் தீய்ந்த வாடை மூக்கில் ஏறியபோதுதான் அது உறைத்தது. குழாயைத் தீயில் காட்டினால் ஒரு வாடை வருமே, சமையலறை முழுக்க நிற்குமே, ஊதுவத்தி கொளுத்தினாலும் போகாதே. இன்று வரவில்லை. நேற்றும் வரவில்லை. மூக்குக்குப் பழகிவிட்டது என்று நினைத்தாள், பழகின மூக்குக்குப் பால் மட்டும் எப்படித் தெரிகிறது. டம்ளரில் மிச்சம் இருந்தது. குனிந்து முகர்ந்தாள். ஒன்றுமில்லை. இந்த வீட்டுப் போர் தண்ணீர் லேசான மஞ்சளாகத்தான் வரும், துணியெல்லாம் கறை பிடிக்கும், கொதிக்க வைத்தால் கொஞ்சம் மங்கும். சூடான பால் பாத்திரத்தில் கை பட்டது, சுரீரென்றது, அதில்தான் அந்தச் சில்லிப்பும் ஞாபகம் வந்தது. மார்கழி எத்தனை மார்கழியாக இருந்தாலும், உடம்பிலிருந்து இப்போதுதான் இறங்கினது கையில் வெதுவெதுவென்றுதானே இருக்கும். ரெண்டு வருஷமாக விடியற்காலையில் அவள் கை முதலில் தொடுகிற சூடு அதுதானே.

ஓடிப்போய்க் கேட்கவில்லை. அடுப்படியிலேயே நின்றாள். கேட்காமலிருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் குழாய் தெளிவாக இருக்கும். பெங்களூர் இல்லை, ஊசி இல்லை, அப்பளம் பொரிக்கலாம். இப்படியே வேனில் ஏற்றி அனுப்பிவிட்டால் என்ன. ஒரு நாள். ஒரே ஒரு நாள் பள்ளிக்கூடம் போய் மற்ற பிள்ளைகளோடு மண்ணில் விளையாடிவிட்டு வரட்டும். அப்படி ஒரு வாரத்தை விட்டுத்தானே முதல் தடவை கண் திறக்காமல் போனது. அடுப்பை அணைத்த கையைச் சேலையில் துடைத்தாள், துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். இலக்கியா ஒற்றைக் காலில் சாக்ஸோடு உட்கார்ந்திருந்தாள். முன்னால் போய்த் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள் அம்மா.

"இலக்கி. டம்ளர்ல என்னம்மா பிடிச்ச?"

பிள்ளை மற்ற சாக்ஸை எடுத்து விரலில் மாட்டிக்கொண்டு பொம்மை மாதிரி ஆட்டியது.

"அம்மா திட்ட மாட்டேன். சொல்லு."

"தண்ணி."

"எப்பருந்து?"

"சளி வந்துச்சுல்ல, அப்ப நுரையா வந்துச்சு. நுரையா வந்தா வெள்ளையா வரும்னு நீதான அப்பாட்ட சொன்ன." சாக்ஸ் பொம்மை தலையைக் குனிந்துகொண்டது. "போன தடவ வெள்ளையா வந்துச்சுல்ல, தினம் காலைல உன் கண்ணு வீங்கியிருந்துச்சு. இங்க, இங்க. நான் பாத்தேன். உனக்கும் ஊசி போட்டுருவாங்கம்மா."

கொல்லைப்பக்கம், கல், முந்தானை, எல்லாம் எத்தனை கவனமாகச் செய்தாள் செண்பகவல்லி. அழுததை மறைத்தாள், காலையில் அழுத கண்ணை எடுத்துக்கொண்டு வந்து பிள்ளையின் முகத்துக்கு நேராகத்தானே குனிந்து நின்றாள். இவள் அதன் இமையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அது தூங்கவில்லை.

"அம்மாவுக்கு அந்த வியாதி இல்லடா," என்றாள். குரல் சரியாக வந்தது, அதுவே பெரிய காரியம். "வா, இன்னொரு வாட்டி போலாம். அம்மா பிடிக்கேன்."

"வெக்கமா இருக்கும்."

"அம்மாட்ட என்ன வெக்கம்."

குந்தவைத்து, டம்ளரைப் பிடித்தாள். கொஞ்சமாகத்தான் வந்தது, முக்கிமுக்கி, நுரை மேலே எழும்பி விளிம்பைத் தொட்டது. பொறித்த எழுத்துக்களின் மேல் அவள் கட்டைவிரல் இருந்தது, அங்கே வெதுவெதுப்பு வந்து சேர்ந்தது. பிள்ளையின் சூடு. ஒரு வாரமாக இந்தச் சூடு இல்லாமலே விடிந்திருக்கிறது, அதைக்கூடக் கவனிக்கவில்லையே என்று நினைத்தாள், கவனித்தாள், கவனித்தும் மார்கழி என்று சொல்லிக்கொண்டாள். அடுப்பைப் பற்றவைத்தாள். வாசலில் வேன்காரர் ஒலி எழுப்பினார், எதிர்வீட்டுப் பிள்ளை ஓடுகிற சத்தம் கேட்டது, இன்னொரு தடவை ஒலி எழுப்பிவிட்டு வேன் போயிற்று. காகிதப் பட்டையை மடித்துக் குழாயைப் பிடித்தாள். வாடை வந்தது. மேலிருந்து வெள்ளை திரண்டு இறங்கியது, சாவகாசமாக, தன் வீட்டுக்கு வருகிற மாதிரி. வினிகர் விட்டாள், கலையவில்லை, இன்னும் ரெண்டு சொட்டு விட்டாள், அளவுக்கு மேல் விட்டாள். பின்னாலிருந்த காலண்டர் மறைந்துபோயிற்று. போன் எங்கே வைத்தோம், அவர் வருகிற வரை பொறுக்கவா, டாக்டருக்கு இப்போதே பேசவா, முதலில் இந்தத் தீயை அணைக்க வேண்டும். அணைத்துவிட்டுத் திரும்பினாள். சமையல்மேடைக்குக் கீழே இலக்கியா ஒற்றைச் சாக்ஸோடு நின்றிருந்தாள். குழாயை அவள் பார்க்கவில்லை. அண்ணாந்து, தலையைக் கொஞ்சம் சாய்த்து, வலது, பிறகு இடது என்று அம்மாவின் இமைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.